பள்ளிச் சமையலறை விறகடுப்பு: புகைகிறதா, விறகு தின்கிறதா, அடி பிடிக்கிறதா?

சத்துணவுக் கூடத்தில் புகைபோக்கி வைத்த சிக்கன அடுப்பு இருக்கும், ஆனால் யாரும் அதைத் தொட மாட்டார்கள், பக்கத்திலேயே மூன்று கல்லைக் கூட்டி அதன் மேல் அண்டாவை ஏற்றிச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால் "அது புகையுது சார்", "அதுல சோறு வேக மாட்டேங்குது" என்று பதில் வரும். அவர்கள் சொல்வது உண்மைதான். புகையத்தான் செய்யும், வேகாமல் தான் இருக்கும், ஏனென்றால் எங்கேயோ ஒரு இடத்தில் அடைத்திருக்கிறது அல்லது எங்கேயோ ஒரு இடைவெளி கூடிப்போயிருக்கிறது. பெரும்பாலும் ஒரு காலை நேர வேலையில் சரியாகிவிடுகிற கோளாறுகள். காஸ் இணைப்பு வந்துவிட்ட மையங்களிலும் சிலிண்டர் வரத் தாமதமான அன்றைக்கு இந்த அடுப்பைத்தான் தேடுவீர்கள், அதனால் அதை மூலையில் விறகு அடுக்கும் திண்ணையாக மாற்றிவிடாதீர்கள்.

சமையலர், சமையல் உதவியாளர், அமைப்பாளர், தலைமை ஆசிரியர், கூப்பிட்டால் வரும் கொத்தனார் என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யும்படி, என்ன அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகும்படி எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்.

இந்த அடுப்பு காற்று போகிற ஒரு பாதை, அவ்வளவுதான். கீழே வாய் வழியாகக் காற்று நுழைகிறது, விறகை எரிக்கிறது, சூடான புகை நடுக்குழியில் நேராக மேலே ஏறுகிறது, அண்டாவின் அடியைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் சுற்றி ஏறி, பின்னால் இருக்கும் துளை வழியாகப் புகைபோக்கிக்குள் போகிறது. 1980களில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் லாரி வினியார்ஸ்கி வகுத்த ராக்கெட் அடுப்பு முறையில் முக்கியமான விதி, இந்தப் பாதையின் பரப்பு தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது. எங்கே பாதை குறுகுகிறதோ அங்கே புகை தேங்கித் திரும்பும். எங்கே அகலமாகிறதோ அங்கே சூடு அண்டாவைத் தொடாமலே வெளியே ஓடிவிடும். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றுதான்.

அடுப்பு வாய் வழியாகப் புகை திரும்பி வருகிறது

எப்போது வருகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

பற்றவைத்த முதல் ஐந்து பத்து நிமிடம் மட்டும் வந்து அப்புறம் நின்றுவிட்டால் அடுப்பில் குறை ஒன்றும் இல்லை. புகைபோக்கிக்குள் இருக்கும் காற்று இன்னும் குளிர்ந்து கனமாக இருக்கிறது, மேலே எழும்ப மறுக்கிறது. மார்கழி தை மாதங்களில், அதுவும் திங்கட்கிழமை காலையில், இது அதிகமாகத் தெரியும், இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்திருக்குமே. புகைபோக்கியின் அடியில் சாம்பல் அள்ளுவதற்கு ஒரு சிறு கதவு அல்லது செருகு செங்கல் வைத்திருப்பார்கள். அதைத் திறந்து ஒரு கை காய்ந்த தென்னங்கீற்றையோ பழைய செய்தித்தாளையோ அங்கே கொளுத்திவிட்டு மூடுங்கள். புகைபோக்கி சூடானதும் இழுக்க ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு அடுப்பு வாயில் தீ வையுங்கள். அப்படிக் கதவே இல்லாமல் கட்டியிருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒன்று வைக்கச் சொல்லுங்கள், சுத்தம் செய்யவும் அது வேண்டும்.

சமையல் முடியும் வரை புகை வந்துகொண்டே இருந்தால் அடைப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். அடுப்பில் கொஞ்சம் தணல் இருக்கும்போது பத்தியை அடுப்பு வாயருகே பிடியுங்கள். பத்திப் புகை உள்ளே இழுபட வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றாலோ உங்கள் பக்கம் திரும்பினாலோ மேலே எங்கேயோ அடைத்திருக்கிறது. இப்போது அண்டாவைத் தூக்கிவிட்டு, அது உட்காரும் குழிக்குப் பின்னால் புகைபோக்கிக்குப் போகும் துளையருகே பத்தியைப் பிடியுங்கள். அங்கே நன்றாக இழுத்தால் புகைபோக்கி சுத்தமாக இருக்கிறது, அடைப்பு அண்டாவைச் சுற்றியுள்ள இடைவெளியில்தான். அங்கேயும் இழுக்கவில்லை என்றால் புகைபோக்கியைத்தான் பார்க்க வேண்டும்.

புகைபோக்கியை அடைப்பது பெரும்பாலும் கரிப்படலம். தினமும் எரிகிற அடுப்பில் மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். நீளக் கயிற்றின் நடுவில் தென்னை நாரையோ பழைய சாக்கையோ இறுகக் கட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று இழுத்தால் வந்துவிடும். முள்செடிக் கொத்தைக் கட்டியும் இழுக்கிறார்கள், அதுவும் நன்றாகவே சுரண்டும், ஆனால் உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போது இன்னொரு வகை அடைப்பு இருக்கும்: அணில் கூடு, குருவிக்கூடு, குளவி மண். திறப்பதற்கு முந்தின வாரமே பார்த்துவிடுங்கள், முதல் நாளன்று பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை இது.

மேல்மூடியையும் கவனியுங்கள். மழை விழாமல் இருக்க யாராவது தகர மூடியைத் தாழ்த்தி அடித்திருப்பார்கள். குழாயின் விட்டத்தில் பாதியளவாவது மூடிக்கும் குழாய் வாய்க்கும் இடையில் இருக்க வேண்டும், ஆறு அங்குலக் குழாய் என்றால் மூன்று அங்குலம்.

காற்று அடிக்கிற நாளில் மட்டும் புகை திரும்புகிறது என்றால் புகைபோக்கி குட்டை. ஆடி மாதத்தில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். குழாய் கூரையைத் துளைத்து வெளியே வந்த இடத்திலிருந்து மூன்றடியாவது உயர வேண்டும், பத்தடிக்குள் இருக்கும் கூரை முகடு அல்லது வேறு சுவரைவிட இரண்டடி மேலே நிற்க வேண்டும். பக்கத்து வகுப்பறை மாடிக் கட்டடமாக எழும்பிவிட்டதால் பழைய அடுப்பு திடீரென்று புகைய ஆரம்பிப்பதும் உண்டு. வேப்பமரக் கிளை குழாய்க்கு மேல் கவிழ்ந்திருந்தாலும் அதே கதைதான்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: எக்ஸாஸ்ட் ஃபேன். புகை அதிகம் என்று நல்ல எண்ணத்தில் சுவரில் ஒரு ஃபேன் மாட்டுவார்கள், ஜன்னலை மூடி வைத்திருப்பார்கள். ஃபேன் அறைக் காற்றை வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்பப் புகைபோக்கி வழியாகவே காற்று இறங்கும், புகையோடு. ஃபேனை நிறுத்திவிட்டு, காற்று வரும் திசையிலுள்ள ஜன்னலைத் திறந்து பாருங்கள், வித்தியாசம் அப்போதே தெரிந்துவிடும்.

விறகு முன்பைவிட அதிகம் ஆகிறது, உலை கொதிக்க நேரமாகிறது

முதலில் விறகைப் பாருங்கள், அப்புறம் அண்டாவைப் பாருங்கள், அடுப்பைக் கடைசியாகப் பாருங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பச்சை விறகு எவ்வளவு தின்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. பத்து கிலோ விறகில் நாலு கிலோ தண்ணீராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக வெட்டிய கட்டையில் இதைவிடக் கூடவே இருக்கும். அந்த நாலு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கி விரட்டவே செலவாகிற வெப்பத்தில் 35 லிட்டர் உலைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். எந்த அடுப்பு வாங்கினாலும், எவ்வளவு காசு போட்டுக் கட்டினாலும், இந்த இழப்பைத் தடுக்க முடியாது. விறகு காய்ந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டங்' என்று ஒலித்தால் காய்ந்தது, 'தொப்' என்றால் பச்சை. வெட்டிய முனையில் வெடிப்புக் கோடுகள் இருக்க வேண்டும், எரியும்போது மறுமுனையில் நுரைத்துத் தண்ணீர் கசியக் கூடாது.

விறகு எடையைப் பார்த்துத்தான் வாங்குகிறோம், அதனால் பச்சை விறகில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். ஐப்பசி அடைமழை தொடங்குவதற்கு முன்பே இரண்டு மாத விறகை வாங்கிப் பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கற்கள் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விட்டு வையுங்கள். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றிக் கட்டினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தரையில் போட்டால் கறையானும் தேளும் குடிவந்துவிடும், விறகு எடுக்கப் போகிறவர் கை அங்கேதான் போகிறது.

தடிமன் அடுத்தது. ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலம்தான் விறகு. நல்ல சூடு கொடுக்கிற கட்டை, ஆனால் தூர்க்கட்டையை அப்படியே திணிக்கக் கூடாது. மூன்று விரல் தடிமனுக்குப் பிளந்துவிடுங்கள். கடலோரம் கிடைக்கிற சவுக்குக்கும் இதே அளவுதான். தென்னை மட்டை, பருத்திமார், துவரைமார் எல்லாம் பற்றவைக்க அருமையானவை, அவற்றை மட்டுமே வைத்து நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கப் பார்த்தால் ஒருவர் அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அரளிக் கட்டையை எரிக்கவே வேண்டாம், அதன் புகையும் நஞ்சு. பெயின்ட் அடித்த பழைய பெஞ்சு பலகை, பிளாஸ்டிக் பை, டயர் துண்டு எதுவும் பிள்ளைகளின் சோற்று அடுப்புக்குள் போகக் கூடாது.

விறகு சரியாக இருக்கிறது, இன்னும் செலவு அதிகம் என்றால் அண்டாவைப் பாருங்கள். அடுப்பு கட்டும்போது ஒரு குறிப்பிட்ட அண்டாவை வைத்துத்தான் சுற்றுச் சுவர் எழுப்பியிருப்பார்கள். அப்புறம் அந்த அண்டா ஓட்டையாகும், வேறொன்று வரும், யாராவது நன்கொடையாக ஒன்று கொடுப்பார்கள், அளவு மாறிவிடும். நடுக்குழியும் புகைபோக்கியும் 15 செ.மீ. விட்டம், அண்டா 50 செ.மீ. விட்டம் என்றால் அண்டாவுக்கும் சுற்றுச் சுவருக்கும் நடுவே ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே இடைவெளி இருக்க வேண்டும். அதே இடத்தில் 45 செ.மீ. அண்டாவை இறக்கினால் இடைவெளி மூன்றரை செ.மீ.யைத் தாண்டிவிடும், பாதையின் பரப்பு மூன்று மடங்காகிவிடும். வெறும் ஐந்து செ.மீ.தானே என்று தோன்றும். ஆனால் புகை இப்போது அண்டாவை உரசாமல் நடுவில் சோம்பலாகப் போகிறது, சூடு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. புகைபோக்கி அடிப்பக்கம் முன்பைவிட அதிகமாகச் சுட்டால் இதுதான் நடக்கிறது.

தீர்வு, அண்டா அளவுக்கு ஏற்ற ஒரு தகட்டு வளையம். பட்டறையில் சொன்னால் இரும்புத் தகட்டை வளைத்து அடித்துக் கொடுப்பார்கள். அதை உள்ளே இறக்கி, வளையத்துக்கும் பழைய சுவருக்கும் நடுவில் சலித்த உமிச் சாம்பலைக் கொட்டி நிரப்பி, மேல்வாயை மண்ணால் பூசிவிடுங்கள். பின்னாலுள்ள புகைத் துளைக்கு நேராகத் தகட்டில் வழி வெட்ட மறக்கக் கூடாது. இடைவெளி எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, சரியான தடிமனில் மூன்று சிறு மரத்துண்டு சீவி அண்டாவைச் சுற்றிச் செருகிப் பார்த்து, அப்புறம் எடுத்துவிடுங்கள்.

மூடி போடாமல் கொதிக்க விடுவதும் விறகைத் தின்னும். கனமான மூடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை அரை மணி நேரம், கொண்டைக்கடலையையும் பாசிப்பயறையும் முந்தின இரவே ஊறப் போட்டுவிடுங்கள். உலை கொதித்து அரிசி போட்டு மறுபடி கொதி வந்தபின் பாதி விறகை வெளியே இழுத்துவிடலாம், அதற்குமேல் எரிக்கிற விறகு சோற்றை வேகமாக வேகவைக்காது, ஆவியை மட்டும் கூட்டும்.

அடுப்பு உண்மையிலேயே சிக்கனமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, விறகை நிறுத்துப் போடுவது. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் இருக்கும். 40 லிட்டர் உலையை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 12 மெகாஜூல் வேண்டும். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் பாத்திரத்துக்குள் போகிறது, அதனால் எட்டு கிலோ விறகு ஆகும். முப்பது சதவீதம் பிடிக்கிற அடுப்பில் மூன்று கிலோவுக்குள் முடியும். உங்கள் அடுப்பில் காய்ந்த விறகோடு ஆறு கிலோ போகிறது என்றால் மேலே சொன்ன ஏதோ ஒன்று சரியில்லை. எடை போட்ட கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த பழுதைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

தீ நின்று எரியவில்லை, ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது

ஊதுகுழலை எடுக்கிற ஒவ்வொரு முறையும் சமையலர் அக்கா அந்தப் புகையை நெஞ்சுக்குள் வாங்குகிறார், அதனால் இதை ஒரு சின்னத் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். அடுப்பு வாயில் ஒரு கம்பித்தட்டு இருக்கும், விறகு அதன் மேல், காற்று அதன் கீழ். அந்தக் கீழ்ப்பாதி சாம்பலால் நிரம்பியிருந்தால் காற்று எப்படி வரும்? தினமும் பற்றவைப்பதற்கு முன் சாம்பலை அள்ளுங்கள். சீமைக்கருவேலம் எரிக்கிறவர்களுக்குச் சமையல் நடுவிலேயே ஒருமுறை தணலைக் கிளறிக் கீழே தள்ள வேண்டியிருக்கும், கங்கு அதிகமாக நிற்கிற கட்டை அது.

கம்பித்தட்டே காணாமல் போயிருப்பதும் சகஜம். சூட்டில் வளைந்து உடைந்திருக்கும், யாரோ தூக்கிப் போட்டிருப்பார்கள், விறகு நேராகத் தரையில் கிடந்து எரியும். பழைய கட்டடக் கம்பி 12 மி.மீ. தடிமனில் நாலைந்து துண்டு வெட்டி, விரல் இடைவெளி விட்டு அடுக்கினால் போதும். அந்தக் கம்பிக்குக் கீழே யாரும் விறகு செருகக் கூடாது, அது காற்றுக்கான இடம்.

வாய் நிறைய விறகு திணித்தாலும் இதே பிரச்சினை. மேல்பாதியில் கொஞ்சம் இடம் விட்டு நாலைந்து கட்டை, முனை மட்டும் எரியும்படி. எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். சூடு போதவில்லை என்றதும் இன்னும் இரண்டு கட்டையைத் திணிப்பது கை பழகிப்போன வழக்கம், இந்த அடுப்பில் அது தீயை அமுக்கத்தான் செய்யும்.

தீ வாய்க்கு வெளியே வந்து எரிகிறது

விறகு நீளமாக இருந்து, நடுப்பகுதி பற்றிக்கொண்டிருக்கிறது. அல்லது உள்ளே கங்கு குவிந்து நடுக்குழியை அடைத்திருக்கிறது. கங்கை வாரிவிட்டு, விறகைக் கைமுழ நீளத்துக்கு வெட்டுங்கள். பருத்திப் புடவையாக இருந்தாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நில்லுங்கள் அக்கா, நைலான் புடவையோடு அடுப்பு முன்னால் நிற்கவே வேண்டாம்.

அண்டா விளிம்பைச் சுற்றிப் புகை கசிகிறது

அடுப்பு வாயில் புகை இல்லை, அண்டா உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் மட்டும் வருகிறது என்றால் விளிம்பு சரியாக உட்காரவில்லை. அண்டாவின் கழுத்து நசுங்கியிருக்கலாம், பூச்சு உதிர்ந்திருக்கலாம். களிமண்ணும் சலித்த சாம்பலும் சரிபாதி குழைத்து விளிம்பில் பூசி, மண் ஈரமாக இருக்கும்போதே அண்டாவை இறக்கி அச்சு பதிய வைத்து எடுத்துவிடுங்கள். காய்ந்ததும் அண்டா அந்த அச்சில் போய் உட்காரும். அண்டாவின் வெளிப்புறம் முன்கூட்டியே சாம்பல் பூசியிருந்தால் மண் ஒட்டாமல் வரும்.

ஒரு பக்கம் அடி பிடிக்கிறது, மறுபக்கம் அரிசி நறுக்கென்று இருக்கிறது

எந்தப் பக்கம் என்று பாருங்கள். புகைபோக்கி இருக்கும் பக்கம் கருகினால், தீ முழுவதையும் புகைபோக்கி தன் பக்கமே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் இடைவெளியை மண் பூசிக் கொஞ்சம் குறையுங்கள், எதிர்ப்பக்கத்தில் அப்படியே விடுங்கள், புகை சுற்றிக்கொண்டு போகும். நல்ல கொத்தனார் கட்டும்போதே இதைச் செய்திருப்பார். சரி, கொத்தனார் இப்போதைக்குக் கிடைக்கவில்லை என்றால் புகைத் துளைக்கு முன்னால் அரைச் செங்கல் ஒன்றைக் குறுக்காக நிறுத்திப் பாருங்கள், துளையை முழுக்க மறைக்காமல்.

நடுவில் மட்டும் வட்டமாகக் கருகினால் அண்டா தாழ உட்கார்ந்திருக்கிறது, அல்லது அலுமினிய அடி தேய்ந்து மெலிந்துவிட்டது. நடுக்குழியின் மேல்விளிம்புக்கும் அண்டா அடிக்கும் நடுவே, குழி விட்டத்தில் கால்வாசி இடைவெளி வேண்டும். 15 செ.மீ. குழிக்கு ஏறக்குறைய நாலு செ.மீ. அண்டாவைத் தாங்கும் மூன்று கற்கள் அல்லது கம்பிகள் தேய்ந்தோ சரிந்தோ இருக்கும், அவற்றை உயர்த்துங்கள். சாம்பார், கலவை சாதம் போல கெட்டியாக இருப்பவற்றுக்கு எந்த அடுப்பிலும் அடியைத் துடுப்பால் கிளறித்தான் ஆக வேண்டும், கொதி வந்ததும் விறகை இழுத்துத் தணலில் விடுங்கள்.

அண்டா அடியில் கரி தடித்துப் படிகிறது

மெல்லிய கரி எப்போதும் இருக்கும், கவலை வேண்டாம். பாளம் பாளமாகப் படிந்தால் அது சூட்டைத் தடுக்கும். ஈர விறகு ஒரு காரணம். மற்றது, தீ எரிந்து முடிவதற்குள் குளிர்ந்த அண்டாவில் மோதி அணைவது. மேலே சொன்ன நாலு செ.மீ. இங்கேயும் பொருந்தும். அடியில் சாம்பல் கரைத்துப் பூசுகிற பழக்கம் நல்லதுதான், கழுவ எளிது, ஆனால் மெல்லிசாகப் பூசுங்கள்.

புகைபோக்கியில் கறுப்பாகப் பிசின்போல ஒழுகுகிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஈர விறகு மந்தமாக எரியும்போது புகையிலுள்ள தார் குளிர்ந்த குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. அந்தத் தார் எரியக்கூடியது. ஒருநாள் காய்ந்த விறகு போட்டுக் கடுமையாக எரிக்கும்போது குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும், மேல்வாயில் பொறி பறக்கும், 'கும்' என்று இரைச்சல் கேட்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக்கூரை வழியாக வகுப்பறைகளுக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதை நினைத்துக்கொண்டு உங்கள் கூரையை அண்ணாந்து பாருங்கள். கீற்றுக்கூரையைத் துளைத்துப் புகைபோக்கி விடக் கூடாது, பக்கத்தில் கீற்றுப் பந்தலும் கூடாது. ஓடோ தகரமோ இருந்தாலும் குழாயை ஒட்டி மரச்சட்டம் போகிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

தார் படிந்த குழாயை, அடுப்பு முழுக்க ஆறியபின், சுரண்டி எடுங்கள். கொளுத்தி எரித்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழாய்க்குள் தீப்பிடித்துவிட்டால் பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புங்கள், விறகை வெளியே இழுங்கள், அடுப்பு வாயையும் சாம்பல் கதவையும் தகரம் வைத்து மூடிக் காற்றை நிறுத்துங்கள், 101க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடித்துவிடும்.

வெளிச்சுவர் கை வைக்க முடியாமல் சுடுகிறது, உள்ளே வெடிப்பு

நடுக்குழியைச் சுற்றி நிரப்பிய சாம்பல் கீழே இறங்கி மேல்பக்கம் காலியாகியிருக்கும். மேல் செங்கல்லைப் பெயர்த்துக் காய்ந்த சாம்பலை மறுபடி நிரப்புங்கள். மணலோ கட்டட இடிபாடோ போட வேண்டாம், அவை சூட்டைத் தடுக்காமல் தாங்களே குடித்துவிடும், பள்ளியில் ஒருவேளைச் சமைத்து முடிப்பதற்குள் அடுப்பைச் சூடாக்கவே விறகு போய்விடும்.

உள்ளே செங்கல் வெடித்திருந்தால் முதல் சந்தேகம், சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்கிற பழக்கம். கொதிக்கக் கொதிக்க இருக்கும் செங்கல்லில் தண்ணீர் பட்டால் வெடிக்காமல் என்ன செய்யும். விறகை இழுத்து மண்ணில் புதைத்து அணையுங்கள், மிஞ்சிய கரி மறுநாள் பற்றவைக்க உதவும். கஞ்சி பொங்கி உள்ளே வழிவதும் இதையே செய்கிறது, கூடவே சாம்பாரின் உப்பு இரும்பை அரிக்கிறது. அதனால் அண்டாவை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், கஞ்சி வடிப்பதை அடுப்பிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய வெடிப்புக்குச் சிமென்ட் பூசுகிறார்கள், அந்தச் சூட்டில் சிமென்ட் உதிர்ந்துவிடும். புற்றுமண் இரண்டு பங்கு, சலித்த சாம்பல் ஒரு பங்கு, ஒரு கை உமி, குழைத்து ஒருநாள் புளிக்க வைத்து அப்பியபின், இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, சுள்ளி போட்டுச் சிறு தீயில் பதமாக்குங்கள். நடுக்குழியின் செங்கல் உடைந்து விழுந்திருந்தால் பூச்சு வேலை பயன்படாது, குழியை மட்டும் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே இரும்புக் குழாய் வைத்த அடுப்பு என்றால் அது துருப்பிடித்து ஓட்டையாவது எதிர்பார்க்க வேண்டியதுதான், மாற்றும்போது இரும்புக்குப் பதில் நெருப்புச் செங்கல் கேட்டு வாங்குங்கள்.

புகையே இல்லை, ஆனால் சமைக்கிறவருக்குத் தலை வலிக்கிறது, குமட்டுகிறது

மழை நாளில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தணலில் சோற்றைப் புழுங்கவிடும்போது இது நடக்கும். கங்கு புகையாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெயிலில் நடந்து வந்த களைப்பு, பித்தம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள், அது ஆபத்து. உடனே வெளியே அழைத்து வந்து திறந்த வெளியில் உட்கார வையுங்கள். மயக்கமோ வாந்தியோ இருந்தால் 108. அறைக்குள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பாருங்கள், கதவுகளைத் திறந்துவிடுங்கள்.

அதன்பின் புகைபோக்கியை ஊதுபத்தி வைத்துச் சோதியுங்கள், இழுவை இல்லாமல்தான் இந்த வாயு அறைக்குள் நின்றிருக்கும். ஜன்னலுக்குக் கீல் போன கதவு இருந்தால் கழற்றியே விடலாம், மழைச்சாரலுக்கு வெளியே ஒரு தகரச் சரிவு போதும். இழுவை சரியாகும் வரை அந்த அறைக்குள் அடுப்பு மூட்டாமல், ஓட்டுத் தாழ்வாரத்திலோ திறந்த இடத்திலோ சமையலை வைத்துக்கொள்ளுங்கள். எதனால் நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதை அமைப்பாளர் எழுத்தில் ஒன்றிய அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டால், பழுதுபார்க்கும் செலவைக் கேட்பதற்கு அந்தக் கடிதமே போதும்.